பம்பிங் குறைந்த இதயத்தோடு நடைபழகுவது

எக்கோ ரிப்போர்ட்டில் ‘பம்பிங் 30 சதவீதம்’ என்று பார்த்தவுடன் வீட்டில் எல்லோரும் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார்கள்: நூறில் எழுபது போய்விட்டது. அது தப்புக் கணக்கு. நல்ல ஆரோக்கியமான இதயமே தன் கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு 55 முதல் 70 சதவீதம் வரைதான் வெளியே தள்ளும். நூறும் தள்ளுகிற இதயம் யாருக்கும் கிடையாது. ஆக, 30 என்பது இருக்க வேண்டியதில் ஏறக்குறைய பாதி. குறைவுதான். ஆனால் எழுந்து நடமாடவே கூடாது என்று சொல்கிற அளவு அல்ல.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். அதே 30 சதவீதத்தோடு ஒருவர் மாடிப்படி ஏறி இறங்குவார். இன்னொருவருக்குக் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். இந்த வித்தியாசத்தை எக்கோ காட்டாது. பெரும்பாலும் அது காலில் இருக்கிறது.

இதயச் செயலிழப்போடு, அதாவது உடம்புக்கு வேண்டிய ரத்தத்தைக் கொடுக்க இதயம் திணறுகிற நிலையோடு, மாதக்கணக்கில் வாழ்ந்தவரின் தொடைச் சதை மாறிப்போகிறது. நெடுநேரம் உழைக்கக்கூடிய தசைநார்கள் குறைந்து, சீக்கிரம் களைத்துவிடுகிற நார்கள் கூடிவிடுகின்றன. ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா குறைகிறது. தேவைப்படும் நேரத்தில் ரத்தக்குழாய்கள் சரியாக விரிவதில்லை. இப்படிப்பட்ட சதை நாலடி நடந்ததுமே லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அங்கிருந்து போகும் நரம்புகள் மூளையிடம் முறையிட, மூளை மூச்சை வேகப்படுத்துகிறது. நுரையீரலில் நீர் கோர்க்காத நாளிலும் மூச்சு வாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மூச்சு வாங்குகிறதே என்று பயந்து படுத்துவிட்டால் சதை இன்னும் கரையும். அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கும்.

அதனால் இந்தப் பயிற்சியைக் காலுக்கும் ரத்தக்குழாய்க்கும் கொடுக்கிற பயிற்சி என்று நினைத்துக்கொள்வது நல்லது. ‘இதயத்தை வலுப்படுத்தப் போகிறேன்’ என்று கிளம்புகிறவர்கள் அளவுக்கு மீறிச் செய்கிறார்கள். மூன்று மாதம் கழித்து எக்கோ எடுத்து, பம்பிங் ஏறவில்லை என்று மனம் விட்டும் போகிறார்கள். பம்பிங் ஏறாமலேயே நடக்கும் தூரம் கூடும். 1988-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சல்லிவனும் சகாக்களும் பம்பிங் மிகக் குறைந்த சிலருக்குப் பயிற்சி கொடுத்து அளந்தபோது பார்த்ததும் இதைத்தான்: உழைப்புத் திறன் கூடியது, காலுக்குப் போகும் ரத்தம் கூடியது, பம்பிங் அப்படியே இருந்தது. அதற்கு முன்புவரை இந்த நோய்க்கு ஓய்வுதான் மருந்து.

பிறகு 2009-ல் வெளிவந்த ஹெச்.எஃப்.-ஆக்‌ஷன் ஆய்வு, பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழ் இருந்த 2,331 பேரை எடுத்துக்கொண்டது. அதில் இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்ந்து கண்ட குறைவு சிறியது. நேரடிக் கணக்கில் அது உறுதியாக நிரூபணமும் ஆகவில்லை. வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, பயிற்சி பாதுகாப்பானது என்பதும் தெளிவானது. அந்த ஆய்வில் பலரும் மேற்கோள் காட்டாத ஒரு செய்தி உண்டு: சொல்லப்பட்ட நிமிடங்களை முழுமையாகச் செய்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த மீதி இரண்டு பங்கினரை மனதில் வைத்துத்தான்.

தொடங்கும் முன்

சில வாரங்களாக நிலைமை ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். மூச்சிரைப்பு கூடியிருக்கக் கூடாது, கால் வீக்கம் புதிதாக வந்திருக்கக் கூடாது, நீர் மாத்திரையின் அளவை இப்போதுதான் கூட்டியிருக்கிறார்கள் என்ற நிலை இருக்கக் கூடாது. பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், இதயத் தசை அழற்சி வந்து சில மாதங்களே ஆனவர்கள், உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலி வருகிறவர்கள், கட்டுக்குள் வராத துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் தொடங்கவே கூடாது. இதில் எது தனக்குப் பொருந்தும் என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் ‘வாக்கிங் போகலாமா டாக்டர்?’ என்று மட்டும் கேட்டால் ‘போகலாம்’ என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். எத்தனை நிமிடம், நாடி எவ்வளவு வரை, எந்த அறிகுறிக்கு நிறுத்த வேண்டும் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.

ரத்த அழுத்தம் 95/60 என்று இருப்பதைப் பார்த்தே பலர் பயந்து நின்றுவிடுகிறார்கள். இந்த நோய்க்கான மருந்துகளே அழுத்தத்தைக் குறைப்பவை. தலைச்சுற்றலும் கிறுகிறுப்பும் இல்லாவிட்டால் அந்த எண் மட்டுமே தடை ஆகாது. எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறதென்றால் அது வேறு. அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

வசதி இருந்தால் ட்ரெட்மில்லிலோ சைக்கிளிலோ உழைப்புச் சோதனை செய்துவிட்டுத் தொடங்குவது சிறந்தது. அது இல்லாத இடத்திலும் 6 நிமிட நடைச் சோதனை செய்யலாம். ஆனால் அதைப் பாதிப் பேர் தப்பாகச் செய்கிறார்கள். மேடுபள்ளம் இல்லாத 30 மீட்டர் நேர்பாதை வேண்டும். இரு முனையிலும் அடையாளம் வைத்து, போய்த் திரும்பி நடக்க வேண்டும். ஓடக் கூடாது. மூச்சு வாங்கினால் நின்று கொள்ளலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. நடக்கும்போது பேசக் கூடாது. கூட வருகிறவர் முன்னால் போகக் கூடாது. போனால் நோயாளியின் வேகம் அவருடைய வேகமாகிவிடும். வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டே செய்ய வேண்டும். இரண்டாம் முறை செய்யும்போது பழக்கத்தாலேயே கொஞ்சம் தூரம் கூடும் என்பதால், முடிந்தால் நன்றாக ஓய்வெடுத்து இரண்டு தடவை செய்து, கூடுதல் தூரத்தைக் கணக்கில் வையுங்கள். முதல் முறையைப் பயிற்சி மையத்திலோ மருத்துவமனையிலோ செய்வதுதான் முறை.

300 மீட்டருக்குக் கீழே வந்தால் நோய் கடுமையாக இருக்கிறது என்று பொருள். மேற்பார்வை இல்லாமல் தொடங்க வேண்டாம். அடுத்த சோதனையில் 30 மீட்டர் கூடினால் அது உண்மையான முன்னேற்றம். 10 மீட்டர் கூடினால் அன்றைய மனநிலை.

இந்தத் தூரத்தில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. 6 நிமிடத்தில் நடந்த மீட்டரை 100-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பது கிடைத்துவிடும். 320 மீட்டர் நடந்தவரின் வேகம் மணிக்கு 3.2 கி.மீ. அது அவருடைய சோதனை வேகம். பயிற்சி வேகம் அல்ல. அதில் 60 முதல் 70 சதவீதத்தில், அதாவது மணிக்குச் சுமார் 2 கி.மீ.யில் தொடங்கினால் போதும். ட்ரெட்மில்லில் சாய்வு பூஜ்யம். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தால் உடம்பின் எடையில் ஒரு பங்கைக் கை சுமக்கிறது. திரையில் தெரியும் வேகம் பொய் சொல்லும். தடுமாற்றம் இருந்தால் விரல் நுனியால் தொட்டுக்கொள்ளலாம். அதற்கும் பயமாக இருந்தால் நிலைச் சைக்கிள் நல்லது, எடை கூடியவர்களுக்கும் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் குறிப்பாக. சுமையே வைக்காமல் தொடங்கி, 5 முதல் 10 வாட் வீதம் கூட்டினால் போதும்.

எவ்வளவு கடினமாக?

நாடியை வைத்துக் கணக்கிடுவது பழைய வழி. இளைப்பாறும்போது உள்ள துடிப்பை, சோதனையில் எட்டிய உச்சத் துடிப்பிலிருந்து கழித்து, மீதியில் 40 முதல் 60 சதவீதத்தை எடுத்து, மறுபடி இளைப்பாறும் துடிப்போடு கூட்ட வேண்டும். ஓய்வில் 66, உச்சத்தில் 116 என்றால் இடைவெளி 50. அதில் 40 சதவீதம் 20. 60 சதவீதம் 30. ஆக 86-க்கும் 96-க்கும் நடுவே. இந்த உச்சத் துடிப்பு, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை போட்ட நிலையில் எடுத்ததாக இருக்க வேண்டும். ‘220-லிருந்து வயதைக் கழி’ என்ற சூத்திரத்தை இங்கே கொண்டுவரவே கூடாது. பீட்டா பிளாக்கர் எடுப்பவரின் துடிப்பு அந்த எண்ணுக்கு ஏறாது. ஏற்றியே தீருவேன் என்று அடித்துப் பிடித்து நடப்பவர்கள் விழுந்துவிடுகிறார்கள்.

மேலறைத் துடிப்பு ஒழுங்கற்றுப் போனவர்களுக்கும் பேஸ்மேக்கர் துணையில் துடிப்பவர்களுக்கும் நாடிக் கணக்கு உதவாது. கையில் கட்டும் கைக்கடிகாரம் ஒழுங்கற்ற துடிப்பைக் குறைத்தோ கூட்டியோ காட்டும். இவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே சிறந்த கருவி, உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை எண்ணால் சொல்லும் போர்க் அளவுகோல்தான். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கியது. 6 முதல் 20 வரை எண்கள். 6 என்பது சும்மா உட்கார்ந்திருப்பது. 20 என்பது இனி ஓர் அடிகூட முடியாது என்ற நிலை. 11 ‘லேசு’, 13 ‘கொஞ்சம் கடினம்’. முதல் மாதம் 11-ஐத் தாண்ட வேண்டாம். பிறகு 13 வரை போகலாம். 14 எப்போதாவது. 15 வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அளவுகோல் கையில் இல்லாவிட்டால் பேச்சுச் சோதனை. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு அறாமல் சொல்லி முடிக்க முடிகிறதா? முடிந்தால் சரி. பாட்டே பாட முடிகிறதென்றால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் அதிகம்.

அன்று எடுத்த எண் எதுவானாலும், மறுநாள் காலைதான் கடைசித் தீர்ப்பு. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் கழித்தும் களைப்பு விடவில்லை, அல்லது மறுநாள் எழும்போதே கால் கனக்கிறது என்றால் நேற்றைய அளவு அதிகம். அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். முழுதாக விட்டுவிட வேண்டாம்.

முதல் பன்னிரண்டு வாரம்

மிகவும் பலவீனமாக இருப்பவர் தொடர்ச்சியாகப் பத்து நிமிடம் நடக்க முயல்வது வீண். 2 நிமிடம் நடை, 1 நிமிடம் நாற்காலியில் அமர்தல். இதை ஐந்து முறை. நடந்தது மொத்தம் 10 நிமிடம்தான், ஆனால் கால் சதைக்கு வேண்டிய வேலை கிடைத்துவிட்டது, இதயத்துக்கு நடுநடுவே மூச்சு விட நேரமும் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து 4 நிமிடம் நடை, 1 நிமிடம் ஓய்வு, நான்கு முறை. ஐந்தாம் வாரத்தில் 8 நிமிட நடை இரண்டு முறை, நடுவில் 2 நிமிடம் ஓய்வு. எட்டாம் வாரத்தில் இடைவிடாமல் 20 நிமிடம். பன்னிரண்டில் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள். எல்லோரும் இதே வேகத்தில் போவதில்லை. நான்காம் வாரத்தில் நின்று அங்கேயே ஒரு மாதம் இருப்பவர்களும் உண்டு. பரவாயில்லை. முதலில் நிமிடத்தைக் கூட்டு, பிறகு நாளைக் கூட்டு, கடைசியில்தான் வேகம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால்தான் சிக்கல் வருகிறது.

நடைக்கு முன்னால் உடம்பைத் தயார்படுத்தும் பத்து நிமிடத்தையும், பின்னால் வேகத்தை இறக்கும் பத்து நிமிடத்தையும்தான் ஆட்கள் முதலில் வெட்டுகிறார்கள். வெட்டக் கூடாத பகுதியே அதுதான். நோயுற்ற இதயத்துக்கு வேகத்தை மாற்றிக்கொள்ள நேரம் பிடிக்கும். ரத்தக்குழாய்கள் விரியவும் நேரம் பிடிக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, முழங்காலை மாறி மாறித் தூக்குவது, தோளைச் சுழற்றுவது, பிறகு மெதுவான நடை; இப்படி 10 நிமிடம் போனால், அதன் பின் வரும் நடையில் மூச்சிரைப்பு கண்கூடாகக் குறைவதைப் பார்க்கலாம். முடிக்கும்போதும் அப்படித்தான். நடந்துகொண்டிருக்கும்வரை கெண்டைக்கால் சதை ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பிக்கொண்டிருக்கும். சடாரென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். குழாய்களை விரிக்கும் மருந்தும் உடம்பில் இருப்பதால் அழுத்தம் சரசரவென்று இறங்கி மயக்கம் வரும். இறங்குவேகத்தில் 10 நிமிடம் நடந்துவிட்டே நிற்க வேண்டும். முடித்த கையோடு வெந்நீர்க் குளியலும் வேண்டாம், காரணம் அதேதான்.

நேரம் பார்ப்பதும் முக்கியம். நீர் மாத்திரையில் பரவலாகக் கொடுக்கப்படும் ஃப்ரூசமைடு, விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் வரை நீடிக்கும். அந்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் நடக்கப் போனால் பாதி வழியில் கழிப்பறை தேட வேண்டியிருக்கும். இதற்காகவே அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். மூன்றாம் நாள் கால் வீங்கும். மாத்திரையை விட வேண்டாம். நடையை மாத்திரைக்கு முன்போ, வெகுநேரம் பின்போ தள்ளிவையுங்கள். மாத்திரை நேரத்தை மாற்றுவதென்றால் மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெயிலும் புழுக்கமும் உள்ள நேரத்தில் வீட்டுக்குள்ளேயே நடங்கள். தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் ‘வியர்த்ததே’ என்று கூடுதலாக ஒரு பாட்டில் குடிக்கக் கூடாது. நடையின்போது குடிப்பதும் அன்றைய மொத்தக் கணக்கில் சேரும்.

சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் இன்னொரு கண்ணி இருக்கிறது. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென இறக்கக்கூடிய மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் படபடப்பும் நடுக்கமும் வந்து எச்சரிக்கும். பீட்டா பிளாக்கர் அந்த எச்சரிக்கையை அமுக்கிவிடும். வியர்வை மட்டும் மறையாது. அதனால் நடக்கும் முன் சோதித்து, 100-க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். காரணமில்லாமல் குளிர்ந்த வியர்வை கொட்டினால் உடனே உட்கார்ந்து சர்க்கரையைப் பாருங்கள்.

தம் கட்டாமல் வலு சேர்ப்பது

மூன்று நான்கு வாரம் நடை பழகிய பிறகு வலுப்பயிற்சி, வாரம் இரண்டு நாள், நடுவே இரண்டு நாளாவது இடைவெளி. நடையைவிட இதுதான் அன்றாட வாழ்க்கையில் சீக்கிரம் பலன் தருகிறது என்பது எங்கள் எண்ணம். கழிப்பறையிலிருந்து கைத்தாங்கல் இல்லாமல் எழ முடிவது நாலு பேரிடம் சொல்லக்கூடிய முன்னேற்றம் இல்லைதான். அந்த மனிதருக்கு அதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

அதற்கான பயிற்சியும் அதுவேதான்: உட்கார்ந்து எழுவது. சுவரில் முதுகு முட்டிய, நகராத, கைப்பிடி உள்ள நாற்காலி. முழங்கால் உயரத்துக்குக் குறையாத இருக்கை. தாழ்ந்த சோபா ஆகாது. பாதம் இரண்டும் இடுப்பகலத்துக்கு, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை முன்சாய்ந்து எழ வேண்டும். சாயாமல் நேராக எழ முயன்றால் எழவே வராது. இறங்கும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். 5 முறையில் தொடங்கி 10 வரை, பிறகு இரண்டு சுற்று. முடியாதவர் இருக்கையில் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயர்த்திக்கொள்ளலாம்.

கைக்கு ரப்பர் பட்டையோ, நீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலோ போதும். அது அரைக் கிலோ. ஒரே மூச்சில் ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய உச்ச எடையில் கைக்கு 30 முதல் 40 சதவீதமும், காலுக்கு 50 முதல் 60 சதவீதமும் போதுமானது. நடைமுறையில், 15 முறை தூக்கிய பிறகும் இன்னும் இரண்டு மூன்று தூக்கலாம் என்று தோன்றுகிற எடைதான் சரியான எடை.

இங்கே பெரிய ஆபத்து எடை அல்ல, தம் கட்டுவது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபட்டு, விட்டவுடன் அழுத்தம் குதிக்கிறது. ‘தூக்கும்போது மூச்சை விடுங்கள்’ என்று எத்தனை முறை சொன்னாலும் ஆட்கள் மறந்துவிடுவார்கள். வாய்விட்டு ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணச் சொன்னால் போதும். பேசிக்கொண்டே தம் கட்ட முடியாது. சுவரில் சாய்ந்து நாற்காலி போல நிற்பது, பிளாங்க் போன்ற அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிகள் இவர்களுக்கு வேண்டாம்.

மூச்சுத் தசைக்கும் தனிப் பயிற்சி உண்டு. அதற்கான கருவி, உள்ளிழுக்கும் மூச்சுக்குத் தடை கொடுக்கும் சிறு குழல். மருத்துவமனையில் கொடுக்கும் மூன்று பந்துக் கருவியும் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள், அல்ல. பந்துக் கருவி நுரையீரலை விரிக்க உதவும், தசைக்குச் சுமை தராது. தடைக் குழலை இழுக்கும் உச்ச அழுத்தத்தில் 30 சதவீதத்தில் வைத்து, நாளுக்கு 15 நிமிடத்தில் தொடங்கி 30 நிமிடம் வரை கொண்டுபோகலாம். அளந்து வைப்பதைப் பிசியோதெரபிஸ்ட் செய்ய வேண்டும். மூச்சுத் தசை உண்மையிலேயே பலவீனமாக உள்ளவர்களுக்குத்தான் இதில் பலன் அதிகம்.

வேறு வழி தேவைப்படுகிறவர்கள்

பம்பிங் 55, 60 என்று இயல்பாக இருந்தும் இதயச் செயலிழப்பு என்று சொல்லப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு இதயம் சுருங்குவதில் குறையில்லை; விரிந்து நிரம்புவதில் குறை. உழைக்கும்போது உள்ளழுத்தம் சட்டென ஏறுவதால் முதல் இரண்டு நிமிடத்திலேயே மூச்சு வாங்கும். பலருக்குத் துடிப்பும் தேவையான அளவு ஏறாது. முன்தயாரிப்பு நடையை 15 நிமிடமாக நீட்டினால் பெரிய வித்தியாசம் தெரியும். இவர்களில் உடல் பருமன் உள்ள 100 முதியவர்களை வைத்து 2016-ல் வெளிவந்த ஆய்வில், பயிற்சியும் பலன் தந்தது, கலோரி குறைத்த உணவும் பலன் தந்தது, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு இரண்டின் பலனும் கூடி வந்தது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய, கைப்பிடித்து நடக்கும் நிலையில் உள்ள முதியவருக்கு நடைப்பயிற்சி முதல் படியே அல்ல. நிற்கத் தெரிய வேண்டும் முதலில். சமையல் மேடையையோ கனமான மேசையையோ பிடித்தபடி கால்களைச் சேர்த்து 10 விநாடி நிற்பது. அது வந்ததும் ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் கட்டைவிரலைத் தொடும்படி முன்பின்னாக வைத்து 10 விநாடி. பிறகு உட்கார்ந்து எழுவது. அதற்குப் பிறகே நடை. 2021-ல் வெளிவந்த ரிஹாப்-ஹெச்.எஃப். ஆய்வு 60 வயதுக்கு மேற்பட்ட 349 பேருக்கு இப்படிச் சமநிலை, வலு, நடமாட்டம், நீடித்த உழைப்பு என நான்கையும் சேர்த்துக் கொடுத்தது. மூன்று மாதத்தில் உடல் செயல்பாடு தெளிவாக மேம்பட்டது. திரும்ப மருத்துவமனையில் சேருவது அந்த அளவுக்குக் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதிர்ச்சி கொடுக்கும் கருவி, அதாவது ஐ.சி.டி. பொருத்தியவர் ஓர் எண்ணைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: எந்தத் துடிப்பு வேகத்தில் கருவி விழித்துக்கொள்ளும் என்பது. அதற்கு 10 முதல் 20 துடிப்பு கீழேயே பயிற்சி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல துடிப்பையே கெட்ட துடிப்பென்று நினைத்துக் கருவி ஷாக் கொடுத்துவிடலாம். புதிதாகப் பொருத்தியிருந்தால் 4 முதல் 6 வாரம் வரை அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம். அதற்காகக் கையை அசைக்காமலேயே வைத்தால் தோள்மூட்டு இறுகிவிடும். தோளுக்குக் கீழே தாராளமாக அசைக்கலாம். ஒரு ஷாக் வந்து, பிறகு நலமாக உணர்ந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு வந்தாலோ, ஒன்று வந்து மயக்கமாக இருந்தாலோ ஆம்புலன்ஸ்.

வேகமும் ஓய்வுமாக மாற்றி மாற்றிச் செய்யும் தீவிரப் பயிற்சியைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2017-ல் வந்த ஸ்மார்டெக்ஸ் ஆய்வில் அது மிதமான தொடர் பயிற்சியைவிட மேலானதாகத் தெரியவில்லை. சுவையான விஷயம் என்னவென்றால், தீவிரமாகச் செய்யச் சொன்னவர்களில் பாதிப் பேர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே செய்தார்கள்; மிதமாகச் செய்யச் சொன்னவர்களில் பெரும்பாலோர் மேலே போய்விட்டார்கள். சொன்ன அளவில் நிற்பது மனிதர்களுக்கு அவ்வளவு கடினம்.

எங்கே சறுக்குகிறது

நல்ல நாளில்தான். ஒரு நாள் உடம்பு லேசாக இருக்கும்; 15 நிமிடம் நடக்க வேண்டியவர் 40 நிமிடம் நடந்துவிட்டு வருவார். அடுத்த மூன்று நாள் படுக்கை. வாரக் கணக்கில் பார்த்தால் தினம் 15 நிமிடம் நடந்திருந்தால் கூடுதலாகவே வந்திருக்கும். நல்ல நாளில் கூட்ட வேண்டுமானால் 5 நிமிடம் கூட்டலாம், அதற்கு மேல் இல்லை.

பீட்டா பிளாக்கரின் அளவைக் கூட்டிய முதல் ஒன்றிரண்டு வாரத்தில் களைப்பு அதிகமாக இருக்கும். பயிற்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று அந்தச் சமயத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். மருந்து மாறிய வாரத்தில் நிமிடத்தைப் பாதியாக்கிக் காத்திருந்தால் உடம்பு பழகிக்கொள்ளும்.

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் தூரம் கூடவே இல்லையென்றால் இரும்புச்சத்தைச் சோதிக்கக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்பு குறைந்திருக்கலாம். இந்த நோயில், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 100-க்குக் கீழ் இருந்தாலே குறைவு என்று வழிகாட்டு நெறிகள் எடுத்துக்கொள்கின்றன. இரும்பு குறைந்த சதைக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் பலன் மந்தம்தான்.

வீட்டில் உள்ளவர்கள் அரை அடி பின்னால், நோயாளியின் வேகத்தில் நடந்தால் போதும். நிமிடத்துக்கொரு முறை ‘முடியுதா? உட்காரலாமா?’ என்று கேட்பது அன்புதான், ஆனால் அந்தக் கேள்வியே மூச்சை வாங்க வைக்கும்.

சில நாட்களில் பயிற்சியே கூடாது. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடியிருந்தால் அது சதை அல்ல, நீர். அன்று நடை வேண்டாம், மருத்துவரை அழையுங்கள். தலையணை ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்ட இரவு, மூச்சு முட்டி விழித்த இரவு, காய்ச்சல், காரணமில்லாமல் ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பது, இவற்றுக்கும் அதேதான். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், கண் இருட்டல், தாறுமாறான படபடப்பு, நின்ற பிறகும் அடங்காத மூச்சிரைப்பு வந்தால் உடனே உட்காருங்கள். சில நிமிடத்தில் தணியாவிட்டால் காத்திருக்காமல் அவசர உதவியை அழையுங்கள்.

சளிக் காய்ச்சலோ மருத்துவமனைச் சேர்க்கையோ வந்து இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால் சேர்த்த பலனில் கணிசமான பங்கு கரைந்திருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் முதல் நாளே உடம்பு முரண்டும். கடைசியாகச் செய்துகொண்டிருந்த நிமிடத்தில் பாதியில், ஒரு படி குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். மருத்துவமனையில் இதயத்துக்காகவே சேர்ந்திருந்தால் பழைய எண்களை மறந்துவிட்டு, மருத்துவர் அனுமதித்த பிறகு 6 நிமிட நடையைப் புதிதாக அளந்து, 2 நிமிட நடை, 1 நிமிட நாற்காலி என்ற இடத்துக்கே திரும்ப வேண்டும். இரண்டாம் முறை ஏறுவது பெரும்பாலும் முதல் முறையைவிடச் சீக்கிரம் நடக்கிறது. நோட்டில் பழைய வாரங்களை எழுதி வைத்திருந்தால் அதைப் பக்கத்தில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.